கதவடியில் இருந்த வெப்பமானி

வியாபாரிகளான எமக்கு நட்டக் கணக்கு எழுதுவது புதிதல்ல. ஆனால் நட்டம் எப்படி வந்தது என்று விளங்கிக்கொள்ளாமலே ஒரு மனிதனைக் குற்றவாளியாக்கிவிட்டு, பிறகு உண்மை தெரிய வரும்போது ஏற்படும் வெட்கத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது? இவ்வாரம் நான் சொல்லப் போவது அப்படியொரு கதை. கூடவே, கம்பியில்லா வலையமைப்புகளைத் திருத்துவதற்கு ஆராய்ச்சியாளர்கள் கையாளும் ஒரு கணக்கு முறையைப் பற்றியும் எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். படித்தவர்கள் பிழை பொறுக்க வேண்டும்.

2022 மார்ச் மாதம்

கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு சிறிய குளிரறை உண்டு. வெள்ளவத்தைக் கடைக்கு வேண்டிய பேரீத்தம்பழம், அத்திப்பழம் போன்றவற்றை அங்கேதான் வைத்திருப்பேன். ஈரப்பதம் கூடிய மென்மையான பேரீத்தம்பழ ரகம் சூடு பட்டால் புளித்துவிடும். அதனால் 12 கம்பியில்லா வெப்பமானிகளைப் பூட்டியிருந்தேன். ஒவ்வொன்றும் பென் டோர்ச் பற்றரியில் ஓடும். முன்னறையில் உள்ள பெட்டியொன்று அவற்றின் செய்தியை வாங்கித் திரையில் காட்டும். விற்ற கம்பனி சொன்னது: "பற்றரி இரண்டு வருஷம் நிற்கும், நீங்கள் ஒன்றும் பார்க்கத் தேவையில்லை."

அந்த மார்ச்சை யாரும் மறந்திருக்க முடியாது. டீசல் இல்லை, மின்சாரம் இல்லை. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பு. குளிரறை நிறையச் சரக்கு. ஜெனரேட்டருக்கு எண்ணெய் தேடி வரிசையில் நின்றது ஒரு புறம் இருக்க, "குளிர் வெளியே போய்விடும், கதவைத் திறக்கவே வேண்டாம். திரையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஸ்டோர்ஸ் பொறுப்பாளருக்கு நான் கட்டளை போட்டேன். 19 வருடமாக என்னோடு இருப்பவர். என்னைவிட மூத்தவர் என்பதால் நாநா என்றுதான் கூப்பிடுவேன்.

நோன்புக்கு இரண்டு நாள் முன்பு கதவைத் திறந்தோம். பின்பக்க வரிசையிலிருந்து புளித்த வாடை. பாதிக்கு மேல் பழுது.

"ஒவ்வொரு மணித்தியாலமும் பார்த்தேன் முதலாளி. நாலு டிகிரி என்டுதான் இருந்திச்சி" என்றார் நாநா. நான் நம்பவில்லை. நாலு டிகிரியில் பழம் புளிக்குமா? மனிதர் தூங்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன். மற்ற வேலையாட்களுக்கு முன்னால் ஏசினேன். பெருநாளைக்குக் கொடுக்கும் போனஸையும் நிறுத்தினேன்.

யார் சுமையைத் தூக்குவது?

பெருநாள் முடிந்து என் சகோதரியின் மகன் வந்தார். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் படித்தவர். பெட்டியைத் திறந்து பதிவுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, பின்பக்க வெப்பமானிகள் 9 நாளாகப் பேசவே இல்லை. திரையில் இருந்தது கடைசியாக வந்த இலக்கம். புதிய செய்தி வராவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்" என்றார்.

பின்பக்க வெப்பமானிகளின் பற்றரிகளைச் சோதித்தோம். எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. செத்துக் கிடந்தது கதவடியில் இருந்த ஒன்று மாத்திரமே. குளிரறைச் சுவர் தகரம் போர்த்தியது; அதைத் தாண்டி வானொலி அலை போவது கஷ்டம். ஆகவே உள்ளே இருந்தவை எல்லாம் தத்தமது செய்தியைக் கதவடி வெப்பமானியிடம் கொடுக்க, அதுதான் 11 பேருடைய செய்தியையும் தன்னுடையதையும் சேர்த்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லோருடைய வேலையையும் செய்ததால் அதன் பற்றரி முதலில் தீர்ந்தது. அது தீர்ந்ததும் மற்ற எல்லோருடைய வாயும் அடைத்துப் போயிற்று.

இது என் குளிரறையின் தனிப்பட்ட துரதிர்ஷ்டமல்ல. கம்பியில்லாக் கருவிகளுக்கு இது பொதுவான நோய். செய்தியைக் கைமாற்றி அனுப்பினால் வாசலுக்குக் கிட்ட இருப்பது முதலில் சாகும். கைமாற்றாமல் ஒவ்வொன்றும் நேரே அனுப்பட்டும் என்றால் தூரத்தில் இருப்பது முதலில் சாகும். ஏனென்றால் தூரம் இரண்டு மடங்கானால் வானொலிக்குத் தேவையான சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. தடைகள் உள்ள இடத்தில் அதைவிடவும் கூட.

ஆகவே கேள்வி ஒன்றுதான். யார், எப்போது, யாருக்காகச் சுமப்பது? இதைத் தீர்மானிக்கும் ஒழுங்கைத்தான் புரோட்டோகோல் என்கிறார்கள். கருவிகள் தமக்குள் கடைப்பிடிக்கும் நடைமுறைச் சட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

குலுக்குச் சீட்டு

இந்தக் கேள்விக்கு 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்திலிருந்து ஒரு நல்ல விடை வந்தது. அதை எழுதியவர்கள் மூவர்: வெண்டி ஹைன்சல்மன், சென்னையில் பிறந்த ஆனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன். அவர்கள் அதற்கு வைத்த பெயரைச் சுருக்கினால் "லீச்" என்று வரும். ஆங்கிலத்தில் அட்டைக்குச் சொல்லும் பெயரின் உச்சரிப்பும் அதுவே. ஆனால் இந்த அட்டை இரத்தம் குடிப்பதல்ல, மிச்சம் பிடிப்பது.

எம்மவர்களுக்கு அதை விளக்குவது இலேசு. நாம் பிடிக்கும் குலுக்குச் சீட்டுத்தான் அது. 20 பேர் சேர்ந்தால் ஒவ்வொரு மாதமும் குலுக்கி ஒருவருக்குக் காசு கொடுப்போம். ஒரு முறை எடுத்தவர் சீட்டு முடியும்வரை மறுபடி எடுக்க முடியாது. லீச் முறையில் காசுக்குப் பதிலாகச் சுமை குலுக்கப்படுகிறது. 100 கருவிகள் இருந்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 5 கருவிகள் தலைமை ஏற்கும். அக்கம்பக்கத்துக் கருவிகள் கிட்டிய தலைவரிடம் செய்தியைக் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கும். தலைவர் அவற்றைத் திரட்டிச் சுருக்கி வெளியே அனுப்புவார். அடுத்த சுற்றுக்கு வேறு 5 பேர். 20 சுற்றில் எல்லோரும் ஒரு முறை சுமந்திருப்பார்கள். பழைய முறைகளோடு ஒப்பிட்டால் சக்திச் செலவை எட்டில் ஒரு பங்கு வரை குறைக்கலாம் என்று கணனியில் செய்த பரிசோதனையில் அவர்கள் காட்டினார்கள்.

ஆனால் குலுக்கலில் ஒரு குறை உண்டு. அது கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது. ஒரு சுற்றில் ஐந்து தலைவர்களும் ஒரே மூலையில் விழுந்துவிடலாம். அப்போது மற்ற மூலையில் உள்ளவை தூரத்துக்குக் கத்தியே களைத்துப் போகும். கண்ணைத் திறந்து நல்ல ஐந்து பேரைத் தெரிவு செய்யலாமே என்று கேட்பீர்கள். 100 பேரிலிருந்து 5 பேரைத் தெரிவு செய்ய எத்தனை விதம் உண்டு தெரியுமா? 7 கோடி 52 இலட்சத்து 87 ஆயிரத்து 520. அதுவும் பற்றரிகள் குறையக் குறைய ஒவ்வொரு சுற்றுக்கும் மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பதற்குள் பற்றரியே முடிந்துவிடும். இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன கணக்கு முறை வருகிறது.

சூன் பாண் வண்டியும் கூர்ப்பும்

அதன் பெயர் கூர்ப்புக் கணிப்பு. கூர்ப்பு என்ற சொல்லைக் கண்டதும் சிலர் முகம் சுளிக்கலாம். இங்கே பேசப்படுவது மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற விவாதமல்ல. பெரிய கணக்கொன்றுக்கு நல்ல விடை தேடும் ஒரு வழி, அவ்வளவுதான். இந்த வழியை ஒழுங்குபடுத்தி 1975 இல் நூலாக எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ஹொலண்ட்.

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இசை போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் முச்சக்கர வண்டிகளைப் பாருங்கள். இரண்டு வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று வைப்போம். ஒருவருக்குக் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் நல்ல விற்பனை. மற்றவருக்குக் கால்வாய்ப் பக்கத்தில் நல்ல விற்பனை. மூன்றாவதாக ஒருவர் தொழிலுக்கு வருகிறார். முதலாமவரின் பாதையில் பாதியும் இரண்டாமவரின் பாதையில் பாதியும் சேர்த்துத் தனக்கொரு பாதை போடுகிறார். அத்தோடு யாரும் போகாத ஒரு ஒழுங்கையையும் துணிந்து சேர்த்துப் பார்க்கிறார். விற்றால் வைத்துக்கொள்வார், விற்காவிட்டால் விட்டுவிடுவார். மோசமான பாதை வைத்திருந்தவர் தொழிலை விட்டே போய்விடுவார். சில மாதங்கள் இப்படியே ஓடினால், யாரும் உட்கார்ந்து திட்டம் போடாமலே நல்ல பாதைகள் உருவாகிவிடும்.

கணனி செய்வதும் இதுதான். தலைவர் தெரிவு ஒவ்வொன்றையும் 100 புள்ளிகள் கொண்ட ஒரு வரிசையாக எழுதுகிறது. தலைவருக்கு 1, மற்றவருக்கு 0. முதலில் கண்டபடி 50, 100 வரிசைகளைப் போடுகிறது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுக்கிறது: இந்த ஒழுங்கில் எவ்வளவு சக்தி செலவாகும், எந்தப் பற்றரி முதலில் தீரும் என்று. கூடாதவற்றைக் கழித்து, நல்லவற்றை இரண்டிரண்டாகக் கலந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு மாற்றம் செய்து அடுத்த தலைமுறையை உருவாக்குகிறது. நூற்றுக்கணக்கான தலைமுறைகள் போன பின் கையில் இருப்பது ஆகச் சிறந்த விடை என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பெரும்பாலும் தொழிலுக்குப் போதுமான நல்ல விடையாக இருக்கும். வியாபாரிக்கு அது போதாதா?

இந்தக் கணக்கைப் பற்றரியில் ஓடும் சின்னக் கருவிகள் செய்வதில்லை. மின்சாரத்தில் ஓடும் தலைமைப் பெட்டி செய்து, "இன்று நீ, நாளை நீ" என்று அறிவிக்கும்.

மொரட்டுவையிலிருந்து மெல்பேர்ன் வரை

இதில் எமது நாட்டுக்கும் பங்குண்டு. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்து, ஜேர்மனியின் டாம்ஸ்டாட் நகரில் கலாநிதிப் பட்டம் பெற்று, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருப்பவர் சமன் ஹல்கமுவ. இவரும் அசங்க ரத்னவீரவும் இன்னொருவரும் சேர்ந்து 2004 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பலராலும் எடுத்தாளப்படுவது.

அது கூர்ப்புக் கணிப்புக் குடும்பத்தில் சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு முறையைப் பற்றியது. பறவைக் கூட்டம் இரை தேடுவதைப் பார்த்து, ஜேம்ஸ் கென்னடி என்ற உளவியலாளரும் ரசல் எபர்ஹார்ட் என்ற பொறியியலாளரும் 1995 இல் உருவாக்கியது. கூட்டத்தில் ஒவ்வொரு பறவையும் இரண்டு விடயங்களை ஞாபகத்தில் வைத்திருக்கும். ஒன்று, தான் இதுவரை கண்ட நல்ல இடம். மற்றது, கூட்டத்தில் யாரோ கண்ட ஆக நல்ல இடம். இரண்டுக்கும் நடுவே இழுபட்டுப் பறக்கும். புறக்கோட்டையில் நாம் செய்வதும் இதுதானே? சொந்த அனுபவம் ஒரு பக்கம் இழுக்கும், சந்தைக் கதை மறு பக்கம் இழுக்கும்.

ஹல்கமுவவும் கூட்டாளிகளும் சேர்த்த புத்தி என்னவென்றால், அந்த இரண்டு இழுப்பும் எப்போதும் ஒரே அளவில் இருக்கக் கூடாது என்பது. ஆரம்பத்தில் சொந்த அனுபவத்துக்கு 2.5 பங்கு எடை, கூட்டத்தின் கதைக்கு 0.5. போகப் போக அது தலைகீழாக மாற வேண்டும். முதலில் நாலாபக்கமும் தேடு, கடைசியில் ஒன்று சேர் என்பதுதான் அதன் பொருள். ஆரம்பத்திலேயே எல்லோரும் ஒருவர் பின்னால் ஓடினால் நல்ல இடம் கண்ணில் படாமலே போகும். சந்தைக் கதையைக் கேட்டு ஒரே சரக்கில் பாய்ந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2005 இல் ஹல்கமுவவின் குழு இந்த முறைகளை எனது குளிரறைக் கேள்விக்கே பிரயோகித்தது: கம்பியில்லா உணரிகளை எப்படிக் கூட்டங்களாகப் பிரிப்பது?

அதைக் கேட்டபோது மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். எனக்கு நட்டம் வந்தது 2022 இல். எமது பிள்ளையொருவர் அதற்கு வழி தேடி ஆய்வு எழுதியது அதற்கு 17 வருடம் முந்தி.

இரண்டு ஆசை, ஒரு பற்றரி

இன்னொரு சிக்கலும் உண்டு. பற்றரி நீடிக்க வேண்டும் என்றால் கருவி அடிக்கடி தூங்க வேண்டும். செய்தி உடனுக்குடன் வர வேண்டும் என்றால் தூங்கக் கூடாது. இரண்டு ஆசையையும் ஒரே நேரத்தில் முழுமையாக நிறைவேற்ற முடியாது. மலிவாகவும் வேண்டும், தரமாகவும் வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளரைப் போலத்தான்.

இதற்கு வழி சொன்னவர் இந்தியாவின் கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த கல்யாண்மொய் தேப். 2002 இல் அவரும் பிரதாப், அகர்வால், மெய்யறிவன் ஆகியோரும் வெளியிட்ட முறை இன்று உலகம் முழுவதும் பாவனையில் உள்ளது. அது ஒரே விடையைத் தராது. இரண்டு விதத்திலும் இன்னொன்றிடம் தோற்றுப் போகும் விடைகளை எல்லாம் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பட்டியலாகக் கொடுக்கும். "பற்றரி மூன்று வருடம் நிற்கும், செய்தி பத்து நிமிடம் பிந்தும், பற்றரி ஒரு வருடம் நிற்கும், செய்தி உடனே வரும்" என்ற மாதிரி. எது வேண்டும் என்று தீர்மானிப்பது சரக்குக்குச் சொந்தக்காரரின் வேலை. நான் வாங்கியபோது யாரும் என்னிடம் அந்தப் பட்டியலைக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்டதைத்தான் தரும்

இம்முறைகளின் பலம் மனிதன் நினைத்துப் பார்க்காததையும் கண்டெடுப்பது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 2006 மார்ச்சில் ஏவிய மூன்று சிறு செய்மதிகளில் இப்படிக் கணனி கண்டெடுத்த அன்டெனா இருந்தது. பார்த்தால் யாரோ கோபத்தில் வளைத்துப் போட்ட கடதாசிக் கிளிப் போல இருக்கும்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. மதிப்பெண் எதற்குக் கொடுக்கிறோமோ அதைத்தான் அது தேடும். மொத்தச் செலவைக் குறை என்று மட்டும் சொன்னால், ஒரு பற்றரியைப் பலி கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றும் ஒழுங்கையும் நல்லது என்றே சொல்லிவிடும். முன்னர் சொன்ன ஹரி பாலகிருஷ்ணனும் கீத் வின்ஸ்டைனும் 2013 இல் இணையத் தரவு நெரிசலுக்கான விதிகளைக் கணனியையே தேட வைத்தார்கள். அது சரியாகக் கூர்ப்பு முறையல்ல, அதன் உறவு முறை எனலாம். மனிதர் எழுதிய விதிகள் பலவற்றை அது வென்றது. ஆனால் எப்படிப்பட்ட வலையமைப்பை மனதில் வைத்துத் தேடச் சொன்னார்களோ அதைவிட்டு வெகுவாக விலகினால் திறமை குறைந்தது. அந்த விதிகள் ஏன் வேலை செய்கின்றன என்று விளங்கிக்கொள்வதும் இலேசாக இருக்கவில்லை.

வாங்குவதற்கு முன்

குளிரறை இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பெருநாள் இரவில் காலி வீதிக் கடைகளில் அட்டை இயந்திரம் சுற்றிக்கொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பல வைபை பெட்டிகள் பழைய 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. அதில் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்று பாதைகளே. 20 கடைகள் இருந்தால் அவற்றைப் பிரித்துக் கொடுக்க 348 கோடிக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. தொலைபேசிக் கோபுரங்களுக்கு அலைவரிசை பிரிக்கும் இதே மாதிரிக் கணக்குகளுக்கும் கூர்ப்பு முறைகள் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. எமக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டு பக்கத்துக் கடைக்காரரோடும் கதைத்து 1, 6, 11 என்று பிரித்துக்கொண்டாலே பாதித் தலையிடி தீரும்.

கம்பியில்லாக் கருவி வாங்குகிறவர்கள் விற்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். செய்தியைக் கைமாற்றும் சுமை ஒரே கருவியில் விழுகிறதா, மாறி மாறி வருகிறதா? கருவி பேசாமல் விட்டால் திரை பழைய இலக்கத்தைக் காட்டுமா, "செய்தி இல்லை" என்று சொல்லுமா? ஒவ்வொரு பற்றரியின் மிச்சத்தையும் தனித்தனியாகப் பார்க்க முடியுமா? பற்றரி நீடிப்பதா, செய்தி உடனே வருவதா, இதில் எதைத் தெரிவு செய்து வைத்திருக்கிறீர்கள்? நான்குக்கும் விடை சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். "கணனியே தேடிய ஒழுங்கு" என்று விளம்பரம் செய்தால், எதற்கு மதிப்பெண் கொடுத்துத் தேடியது என்று ஐந்தாவதாகவும் ஒன்றைக் கேளுங்கள்.

நாநாவின் விடயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பதிவுகளைப் பார்த்த அன்றே, நான் ஏசியபோது நின்ற அதே வேலையாட்களைக் கூப்பிட்டு, அவர்களுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். நிறுத்திய போனஸைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவர் சொன்னது: "பரவாயில்ல முதலாளி. கதவைத் திறக்க வாணாம் என்டு சொன்னது நீங்கதானே."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது கதவடியில் ஒன்றுக்கு மூன்று வெப்பமானிகள் முறை வைத்துச் சுமக்கின்றன. ஒரு மணித்தியாலம் செய்தி வராவிட்டால் திரை சிவக்கும். அப்படியிருந்தும் தினமும் காலை எட்டு மணிக்கு நாநா கதவைத் திறந்து, பின்பக்க வரிசை வரை நடந்து போய், அங்கே தொங்கும் சாதாரணக் கண்ணாடி வெப்பமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதி வைக்கிறார். அந்தக் கொப்பியில் மாதம் ஒரு தடவை நான் கையெழுத்துப் போடுகிறேன்.